பேக்பைப் கேட்க எந்த மரபிலிருந்து தொடங்குவது?

பேக்பைப் என்றாலே கட்டம்போட்ட கில்ட் உடுத்தி வரிசையாக நடந்து வரும் ஸ்காட்லாந்து பேண்ட்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதையும் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, ஒரே சத்தம், ஏற்ற இறக்கமே இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அயர்லாந்து, இங்கிலாந்தின் வடகிழக்கு மூலை, ஸ்பெயினின் கலீசியா, பிரான்சின் பிரித்தானி, தெற்கு இத்தாலி, பல்கேரியா, ஸ்வீடன், கடல் தாண்டித் துனீசியா என்று இந்தத் தோல்பைக் கருவி போகாத இடம் குறைவு. ஒவ்வொரு இடத்திலும் கருவி வேறு, விரல் பழக்கம் வேறு, நல்ல வாசிப்பு எது என்பதற்கான அளவுகோலும் வேறு. எல்லாவற்றிலும் ஒவ்வொன்று கேட்டால் எதுவும் மனதில் ஒட்டாது. ஏதாவது ஒன்றில் சில வாரங்கள் தங்கினால் மற்றவை அப்புறம் தானாகப் பிடிபடும். அந்த ஒன்று எதுவாக இருக்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

ஒப்பிடுவதற்கு முன் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. இதில் வாசிப்பவரின் வாய்க்கும் ஓசையை எழுப்பும் சீவாளிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. காற்று முதலில் பைக்குள் போகிறது, கை பையை அழுத்துகிறது, பையிலிருந்து கிளம்பும் காற்று விரல்கள் ஆடும் சாண்டர் என்ற குழலுக்கும், ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சுருதிக் குழல்களுக்கும் ஒரே சமயத்தில் பாய்கிறது. நாதஸ்வரத்திலோ புல்லாங்குழலிலோ செய்வதுபோல நாக்கால் காற்றை வெட்ட முடியாது. அப்படியானால் ஒரே சுரத்தை அடுத்தடுத்து இரண்டு முறை வாசிக்க வேண்டுமென்றால் நடுவில் என்ன செய்வது? ஓசையைக் கூட்டிக் குறைக்க வழியில்லாதபோது அழுத்தம் எந்த சுரத்தில் விழுகிறது என்று எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு மரபும் இதற்கு ஒவ்வொரு பதில் கண்டுபிடித்திருக்கிறது, வாசிப்பவரின் திறமை முழுக்க அந்தப் பதிலுக்குள்தான் இருக்கிறது. ஆகவே எந்தக் கருவியின் ஓசை காதுக்கு இனிமை என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, எந்தப் பதில் உங்களை இழுக்கிறது என்று பார்ப்பது நல்லது என்பது என் கட்சி.

எல்லாருக்கும் தெரிந்த, ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் பைப்பையே முதலில் எடுத்துக்கொள்வோம். வாயால் ஊதுவது, சுருதிக் குழல்கள் மூன்று, சாண்டரில் மொத்தமே 9 சுரங்கள். சத்தம் திறந்த வெளிக்கானது. சாண்டரின் வாய் எப்போதும் திறந்தே இருப்பதால் வாசிப்பு தொடங்கியபின் மௌனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த மரபின் பதில் அலங்காரச் சுரங்கள். ஒரு சுரத்தை இரண்டாக வெட்ட வேண்டுமா, நடுவில் காதுக்குச் சுரமாகவே படாத அளவு குறுகிய இன்னொரு சுரத்தை விரலால் தட்டிவிடுகிறார்கள். இவை ஒன்று, இரண்டு, நான்கு என்று கூடிக் கொத்துக் கொத்தாக வரும், ஒவ்வொரு கொத்துக்கும் பெயர் உண்டு, ஒவ்வொன்றையும் இத்தனை சுரங்கள் இந்த வரிசையில் என்று பிசகாமல் வாசிக்க வேண்டும். வெளியே இருந்து கேட்பவருக்கு அது வெறும் விறுவிறுப்பாகத் தெரியும். பழகிய காது ஒரு கொத்தில் ஒரு விரல் சோம்பியிருந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

இந்த மரபில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. நடைப்பாட்டும், ஸ்ட்ராத்ஸ்பே, ரீல் போன்ற நடனத் தாளங்களும் சிறிய இசை. பீப்ரொக் என்பது பெரிய இசை. பீப்ரொக்கில் ஊர்லர் என்ற அடிப்படை மெட்டை மெதுவாக வைத்துவிட்டு, பிறகு அதன் முக்கியச் சுரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு சுற்றுக்குச் சுற்று அலங்காரத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். க்ரூன்லுவா என்ற உச்சக் கொத்து வரும்போது விரல்கள் தீப்பொறி பறக்கும், எல்லாம் முடிந்ததும் அந்தப் பழைய மெட்டையே மறுபடி மெதுவாக வாசித்து நிறுத்துவார்கள். ஒரு உருப்படி கால் மணி நேரம் போவது சாதாரணம். ஸ்கை தீவின் மெக்கிரிம்மன் குடும்பம் மெக்லௌட் குலத்தலைவர்களுக்குப் பரம்பரை வாசிப்பாளர்களாக இருந்து வளர்த்த இசை இது. பாடங்கள் வாய்வழியாகவே, கான்ட்டராக் என்ற சொற்கட்டுகளைப் பாடிப் பாடி ஆசிரியரிடமிருந்து மாணவருக்குப் போயின. 1781இல் ஃபால்கிர்க்கில் முதல் போட்டி நடந்தது, 1903இல் பீப்ரொக் சொசைட்டி தொடங்கியது. ஓபனிலும் இன்வர்னெஸ்ஸிலும் தரப்படும் தங்கப் பதக்கங்களுக்கு இன்றைக்கும் உலகெங்கிலுமிருந்து வாசிப்பாளர்கள் போகிறார்கள்.

போட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஹைலண்ட் மரபைப் போட்டி வளர்த்தும் இருக்கிறது, இறுக்கியும் இருக்கிறது. கிளாஸ்கோவில் நடக்கும் உலகப் பைப் பேண்ட் போட்டியில் பெரிய பேண்டுகளைக் கேட்டால் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே கருவிபோல ஒலிப்பார்கள். வடக்கு அயர்லாந்தின் ஃபீல்ட் மார்ஷல் மாண்ட்கோமரி பேண்டும் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகப் பேண்டும் அந்த ஒருமையில் எட்டிய உயரம் அசாதாரணமானது. ஆனால் பேண்டில் தனி விரலின் குணம் தெரியாது, தெரியவும் கூடாது. அதனால் புதியவருக்கு என் வேண்டுகோள், பேண்டில் தொடங்காதீர்கள். தனி வாசிப்பில் தொடங்குங்கள். டொனால்ட் மெக்லௌட் கிடைத்தால் போதும். ராணுவத்தில் பைப் மேஜராக இருந்தவர், ஏராளமான மெட்டுகளை இயற்றியவர், ஆனால் அவர் வாசிப்பில் அணிவகுப்பின் விறைப்பு துளியும் இருக்காது, பாடுகிறவர்போல வாசிப்பார். அதற்கு நேர் எதிர் முனையில் 2005இல் மறைந்த கார்டன் டங்கன். அதே 9 சுரங்களை வைத்துக்கொண்டு இந்தக் கருவியில் வராது என்று சொல்லப்பட்ட தாளங்களையும், சுரங்களுக்கு இடைப்பட்ட வழுக்கல்களையும் வரவைத்தவர், அன்றைக்குச் சில பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், இன்றைய இளைஞர்களில் அவர் சாயல் இல்லாதவரைத் தேட வேண்டியிருக்கிறது.

ஹைலண்டின் குறை என்னவென்றால் காது பழக நேரம் ஆகும். சாண்டரின் சுரங்கள் சுருதிக் குழலோடு சேர்த்து வைக்கப்பட்டவை, பியானோவுக்குப் பழகிய காதுக்குச் சில சுரங்கள் இறங்கியோ ஏறியோ தோன்றும். சுருதியைக் காதில் பிடித்துக்கொண்டு கேட்டால் அந்தக் கோளாறு தெரியாது. இந்த ஒரு பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால் பாதி வழி கடந்துவிட்டீர்கள்.

அடுத்தது இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையிலிருந்து வரும் நார்த்தம்பிரியன் ஸ்மால்பைப். ஹைலண்டுக்கு எல்லா விதத்திலும் எதிர். கைக்கடியில் கட்டிய துருத்தியால் காற்று ஏற்றுவார்கள், உட்கார்ந்து அறைக்குள் வாசிப்பார்கள், ஓசை வயலின் அளவுதான். முக்கியமான வித்தியாசம் சாண்டரின் அடிவாய் அடைக்கப்பட்டிருக்கும். எல்லாத் துளைகளையும் விரல்களால் மூடினால் காற்று போக வழியில்லை, சாண்டர் நின்றுவிடும், சுருதி மட்டும் தொடரும். ஆக இந்த மரபின் பதில் நேரடியானது, உண்மையான மௌனம். ஒரு சுரத்துக்கு ஒரு விரலை மட்டும் தூக்கி, அதை மூடிய பிறகே அடுத்ததைத் திறப்பார்கள். ஒவ்வொரு சுரமும் தனித்தனி மணியாக உதிரும். சாவிகள் பொருத்திய சாண்டர்களில் ஒரு ஸ்தாயிக்கு மேலும் போகலாம்.

இங்கே ஒரு குரு சிஷ்யக் கதை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. டாம் கிளஃப் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, பரம்பரையாகவே இந்தக் கருவியை வாசித்த குடும்பம். சுரத்துக்குச் சுரம் மூடி வாசிக்கும் முறையில் அவருக்குச் சமரசமே கிடையாது. அவரிடம் பாடம் கேட்ட பில்லி பிக் விவசாயி. மாணவர் குருவின் வழியிலேயே நிற்கவில்லை. சில இடங்களில் விரலைத் திறந்து விட்டார், சுரத்தை நடுங்க விட்டார், அலங்காரம் சேர்த்தார், வேகமாகப் போகும்போது பதிவில் அங்கங்கே தடுமாற்றம்கூடக் கேட்கும், இருந்தும் அந்த வாசிப்பில் உள்ள உயிர் அலாதியானது. இருவரின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஒழுங்கு பெரிதா உணர்ச்சி பெரிதா என்று இசையில் எங்கும் நடக்கும் வழக்கு இந்தச் சின்னக் கருவியில் அப்பட்டமாகக் கேட்கும். இன்றைய பெயர் வேண்டுமென்றால் கேத்ரின் டிக்கெல். பழைய மேய்ப்பர்களிடமும் விவசாயிகளிடமும் நேரில் கற்றுக்கொண்டு, அந்த இசையைப் பெரிய மேடைகளுக்குக் கொண்டுபோனவர்.

அயர்லாந்தின் இல்லியன் பைப்தான் பெரும்பாலானவர்கள் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பது. ஏன் என்று புரிகிறது. ஓசை மென்மை, சாண்டரில் இரண்டு முழு ஸ்தாயி, துருத்தி தரும் உலர்ந்த காற்றால் சீவாளி மெல்லியதாக இருக்கலாம், அதனால் சுரத்தின் நிறமே வாசிப்பவர் சொன்னபடி கேட்கும். இந்தக் கருவி நம் கேள்விக்குத் தரும் பதில் ஒன்றல்ல, கையில் ஒரு கத்தையே வைத்திருக்கிறது. சாண்டரின் அடியைத் தொடையில் வைத்த தோல் துண்டின்மேல் அழுத்தினால் வாய் மூடிக்கொள்ளும், அப்போது நார்த்தம்பிரியன்போல சுரங்களை வெட்டி வெட்டி வாசிக்கலாம். தூக்கிவிட்டால் ஹைலண்ட்போலத் தொடர்ந்து ஓடும், ஓசையும் கூடும். அடி சுரத்தையே மென்மையாகவும் முரட்டுக் குரலிலும் இரண்டு விதமாகப் பிடிக்கலாம். சுருதிக் குழல்களை ஒரு சாவியால் நிறுத்தலாம். போதாததற்கு முழு செட்டில் ரெகுலேட்டர் என்று மூன்று மூடிய குழல்கள், வழக்கமாக 13 சாவிகளோடு மடிமேல் குறுக்கே கிடக்கும், விரல்கள் சாண்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டால் அந்தச் சாவிகளை அழுத்தி இசைவுச் சுரங்கள் சேர்ப்பார்கள். ஏழு வருடம் கற்க, ஏழு வருடம் பழக, ஏழு வருடம் வாசிக்க என்று பைப்பர்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டு, ரெகுலேட்டரைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

ஆட்களைப் பார்த்தால் இந்த மரபு மலைக்க வைக்கிறது. பாட்சி டூயி அமெரிக்காவில் வேடிக்கை மேடைகளில் வாசித்துப் பிழைத்தவர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மெழுகு உருளைகளில் தன் வாசிப்பைத் தானே பதிந்து தபாலில் விற்றார். அவருடையது வெட்டி வெட்டிச் செல்லும் மூடிய பாணி, இன்றைக்குக் கேட்டாலும் இத்தனை வேகத்தில் இத்தனை மௌனங்கள் எப்படி என்று திகைப்பாக இருக்கும். ஜானி டோரன் குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சந்தைகளில் வாசித்த நாடோடி. அவருடையது திறந்த பாணி, வெள்ளம்போல ஓடும், ரெகுலேட்டரைத் தாளக்கருவியாகவே அடிப்பார். 1947இல் அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்காக அவரைச் சில தட்டுகளில் பதிந்தார்கள். அடுத்த வருடத் தொடக்கத்தில் அவர் தங்கியிருந்த வண்டியின்மேல் ஒரு சுவர் இடிந்து விழுந்தது, உடல் முடங்கி 1950இல் இறந்துபோனார். அந்த ஒரு அமர்வுப் பதிவு மட்டும் நடக்காமல் போயிருந்தால் திறந்த பாணியின் இத்தனை பெரிய கலைஞரைப் பற்றி நமக்குப் பேச்சு மட்டுமே மிஞ்சியிருக்கும். அவர் வாசிப்பை இளவயதில் நேரில் கேட்டு இந்தக் கருவிக்குள் வந்தவர்தான் வில்லி கிளான்சி, அவர் பெயரில் 1973 முதல் மில்டவுன் மால்பேயில் கோடைப் பள்ளி நடக்கிறது.

ஷேமஸ் என்னிஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டு சேகரிப்பவராக அயர்லாந்து முழுக்கச் சைக்கிளில் அலைந்தவர், அதனால் அவர் வாசிப்பில் பாடகர்களின் மூச்சு இருக்கிறது. திறந்ததையும் மூடியதையும் ஒரே மெட்டுக்குள் கலப்பார், இங்கே ஏன் திறந்தார், அங்கே ஏன் மூடினார் என்று யோசித்துக்கொண்டே கேட்கலாம். தன் பைப்பை அவர் லியம் ஓஃப்ளினுக்கு விட்டுச்சென்றார். ஓஃப்ளின் பிளாங்ஸ்டி என்ற அயர்லாந்து நாட்டுப்புற இசைக்குழுவிலும், 1980இல் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடும் இந்தக் கருவியை நிறுத்திக் காட்டியவர். 1968இல் நா பீபரீ இல்லியன் என்ற பைப்பர்கள் சங்கம் தொடங்கியபோது வாசிப்பவர்களே அருகியிருந்தார்கள். 2017இல் யுனெஸ்கோ இந்த மரபைப் பண்பாட்டு மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவு சொல்லியும், முதலில் இல்லியனைக் கேளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் ஓசை இனிமையே தடையாக நிற்கும். குரல் அழகில் மயங்கி விரல் என்ன செய்கிறது என்பதைக் காது தவறவிடும், பின்னணி இசையாகவே வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பல்கேரியாவுக்கு வந்தால் கதையே மாறுகிறது. அங்கே கைடா. ஆட்டுத் தோலை ஏறக்குறைய முழுசாகவே பையாக வைத்திருப்பார்கள், சுருதிக் குழல் ஒன்றுதான். சாண்டரின் மேல் பக்கம் மிகச்சிறிய துளை ஒன்று இருக்கிறது, பூச்சித் துளை என்று சொல்லலாம். அதைத் திறந்தால் கீழே பிடித்திருக்கும் சுரம் சுமார் அரைச்சுரம் ஏறும். இந்த ஒரு துளையால் இடைப்பட்ட சுரங்களெல்லாம் கிடைக்கின்றன, அதைவிட முக்கியம், சுரத்தை அசைக்கலாம், நடுக்கலாம். சுரத்தை வெட்டுவது எப்படி என்ற கேள்விக்குக் கைடாவின் பதில், வெட்டாமல் அசைத்துக்கொண்டே போ என்பது. கமகத்தில் ஊறிய காதுக்கு இது உடனே புரியும். ரொடோபி மலைகளின் காபா கைடா தாழ்ந்த சுருதியில் மெதுவான பாட்டுகளுக்குத் துணை நிற்கிறது. 1977இல் விண்வெளிக்குப் போன வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் வால்யா பல்கான்ஸ்காவின் குரலோடு ஒலிப்பது இரண்டு காபா கைடாக்கள்தான். உச்ச சுருதியில் ஒலிக்கும் ஜூரா கைடா நடனத்துக்கு. 5, 7, 11 என்று எண்ணிக்கை போகும் தாளங்களில் அது பின்னிப் பெடலெடுக்கும். கோஸ்டாடின் வரிமேசொவைத் தேடிப் பிடியுங்கள், ஸ்ட்ராஞ்ஜா பகுதிக்காரர், சோஃபியா வானொலியின் நாட்டுப்புற இசைக்குழுவில் வாசித்தவர். அவர் கையில் சுரம் ஒரு இடத்தில் சும்மா நிற்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலீசியாவின் கைத்தா திறந்த, பிரகாசமான குரல் கொண்டது. கார்லோஸ் நூன்யெஸ், கைத்தா செய்யும் பட்டறைக் குடும்பத்தில் பிறந்த சுசானா செய்வானே இருவரையும் கேட்டால் போதுமான தொடக்கம், கொண்டாட்டமான இசை விரும்புகிறவர்கள் நேராக இங்கேயே போகலாம். பிரித்தானியின் பினியூ கோஸ் காதைத் துளைக்கும் உச்ச ஸ்தாயி, பொம்பார்ட் என்ற ஊதுகருவியோடு இணை பிரியாது. பொம்பார்ட் வாசிப்பவர் ஒரு வரியை ஊதிவிட்டு மூச்சு வாங்குவார், பினியூ அந்த இடத்தை நிரப்பும், ஆக அங்கே மௌனத்தை உண்டாக்குவது இன்னொரு மனிதர். தெற்கு இத்தாலியின் ஸம்போன்யாவில் கைக்கு ஒரு சாண்டர், தனி ஆளே இரண்டு குரலில் வாசிப்பார். துனீசியாவின் மெஸுவெத்தில் சுருதிக் குழலே கிடையாது, ஜோடியாக இரண்டு குழல்கள், நுனியில் கொம்பு. ஸ்வீடனில் பழைய தலைமுறையின் கடைசி வாசிப்பாளர் குட்முண்ட்ஸ் நில்ஸ் லார்சன் 1949இல் மறைந்த பிறகு மரபே அறுந்தது, பின்னாளில் பேர் குட்முண்ட்சன் போன்றவர்கள் அதை மறுபடி எழுப்பினார்கள். அந்த ஓசை மெல்லியது, அறைக்குள் கேட்க அருமை, ஆனால் வாசிப்புப் பாணிகளை ஒப்பிட்டுக் கேட்கப் பழைய பதிவுகள் குறைவு.

சரி, முடிவுக்கு வருவோம். என் தேர்வு நார்த்தம்பிரியன் ஸ்மால்பைப். காரணம் ஒன்றே ஒன்று, அதில்தான் ஒவ்வொரு விரலும் வெளிச்சத்தில் இருக்கிறது. கிளஃபையும் பிக்கையும் மாற்றி மாற்றிக் கேட்டால் சுரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காது பிடித்துக்கொள்ளும். அதன் மெட்டுகள் சிறியவை, பதிவுகளும் ஹைலண்டோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான், சிலருக்கு ஓசை சன்னமாகப் படும், அதெல்லாம் உண்மை. ஆனால் முதல் கட்டத்துக்கு அதுவே வசதி. அதற்குப் பிறகு ஹைலண்ட் தனி வாசிப்புக்குப் போனால், மௌனம் செய்த வேலையை இங்கே அலங்காரச் சுரம் செய்கிறது என்பது உடனே கேட்கும், இரைச்சலாக இருந்தது வாக்கியமாக மாறும். பீப்ரொக்கை அப்போதுதான் தொட வேண்டும். மூன்றாவதாக இல்லியன். டூயியையும் டோரனையும் கேட்டுவிட்டு என்னிஸிடம் வாருங்கள், ஒரே மனிதர் இரண்டு வழியையும் கையாள்வது அப்போது தெளிவாகத் தெரியும்.

அசையும் சுரத்தில் வளர்ந்த காது உங்களுடையது என்றால் இந்த வரிசையை விட்டுவிட்டு வரிமேசொவிலிருந்தே தொடங்கலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அங்கிருந்து ஹைலண்டுக்கு நேராகத் தாவினால் அசையாத சுரம் வறட்சியாகத் தோன்றும். நடுவில் கலீசியக் கைத்தாவைக் கொஞ்சம் கேட்டுக்கொள்வது நல்லது.

வாசிக்கக் கற்க வேண்டும் என்பவருக்கு என் பதில் வேறு. கேட்பதற்கு ஸ்மால்பைப்பைச் சொன்ன நானே கற்பதற்கு அதைச் சொல்ல மாட்டேன், பக்கத்தில் ஆசிரியர் இல்லாதவருக்கு அந்த மூடிய விரல் முறையில் தவறு எங்கே என்று சொல்ல ஆள் கிடைக்காது. இல்லியன் செட்டுகள் கையால் செய்யப்படுபவை, நல்ல கைவினைஞரிடம் காத்திருப்பு நீளும், காற்றின் ஈரப்பதம் மாறினால் சீவாளி அடம்பிடிக்கும், சீவாளியைச் சரிசெய்வதையும் சேர்த்தே கற்க வேண்டும். ஹைலண்டில் பையே இல்லாத பிராக்டிஸ் சாண்டர் என்ற சின்னக் குழலில் தொடங்கலாம், அலங்காரக் கொத்துகளெல்லாம் அதிலேயே மாதக்கணக்கில் பழகலாம், சத்தமும் அறையைத் தாண்டாது, ஆசிரியர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். விரல் படிந்த பிறகு பெரிய கருவி வேண்டாம் என்று தோன்றினால், 1980களில் காலின் ராஸ், ஹேமிஷ் மூர் போன்றவர்களின் கையில் மறுபிறவி எடுத்த ஸ்காட்டிஷ் ஸ்மால்பைப் இருக்கிறது. துருத்திதான், ஓசை மெல்லியது, விரல் முறை ஹைலண்டுடையதே, ஆகவே கற்றது எதுவும் வீணாகாது.